காவலும் நம்பிக்கையும்: வட அயர்லாந்து காட்டும் வழி

காவல்நிலையத்தின் வாசற்படியை மிதிக்கும்போது ஒரு குடிமகனின் உள்ளத்தில் என்ன தோன்றுகிறது? 'நம் குறையைக் கேட்க இங்கே ஆள் இருக்கிறார்கள்' என்னும் ஆறுதலா? 'எதில் சிக்கிக்கொள்ளப் போகிறோமோ' என்னும் அச்சமா? ஒரு நாட்டின் காவல்துறை எத்தகையது என்பதை அறிய இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடையே போதும்.

காவலர் கையில் லத்தி இருக்கலாம், துப்பாக்கி இருக்கலாம், சட்டப் புத்தகமும் இருக்கலாம். சாட்சி சொல்ல ஒருவரும் முன்வராவிட்டால் இம்மூன்றாலும் ஆவது ஒன்றுமில்லை. கொலை நடந்த தெருவில் எல்லாக் கதவுகளும் அடைபட்டு, 'நாங்கள் எதையும் பார்க்கவில்லை' என்ற ஒரே பதில் வருமானால், குற்றவாளி நிம்மதியாக உறங்குவான். மறுநாள் அதே தெருவில் அவன் மீண்டும் நடமாடுவான். இழப்பு யாருக்கு? அந்தத் தெருவில் பிள்ளை குட்டிகளோடு வாழும் எளிய மக்களுக்கே. ஆகவே, காவல்துறைமீது மக்கள் வைக்கும் நம்பிக்கை அத்துறைக்குச் செய்யும் உபசாரம் அன்று. மக்களின் சொந்தப் பாதுகாப்பே அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஒருமுறை முறிந்துபோன நம்பிக்கையை மறுபடியும் உண்டாக்க முடியுமா? தீய அலுவலர்களைக் களைந்தெறிந்தால் அது போதுமா? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் சுட்டிக்காட்டும் நிலப்பகுதி ஒன்று உண்டு. பரப்பில் சிறியது, மக்கள்தொகை 20 இலட்சத்தைக்கூட எட்டாதது. அதுவே வட அயர்லாந்து. அங்கே நடந்த காவல்துறைச் சீர்திருத்தத்தின் வரலாறு, ஒரு பெரும்பான்மையும் ஒரு சிறுபான்மையும் சேர்ந்து வாழும் எந்த நாட்டினரும் படித்தறிய வேண்டிய ஒன்றாகும்.

ஒரே அச்சில் வார்த்தவை

அயர்லாந்தின் காவல்துறைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பே உண்டு. 1836ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அயர்லாந்து முழுமைக்குமாக ஒரு காவற்படையை ஒழுங்குபடுத்தினர். லண்டன் மாநகரக் காவலர் ஆயுதமின்றித் தெருவில் நடந்தபோது, அயர்லாந்துக் காவலர் துப்பாக்கி ஏந்திப் பாசறைகளில் தங்கினர். சொந்த மாவட்டத்தில் அவர்களுக்குப் பணி அளிக்கப்படவில்லை. மக்களோடு ஒட்டாமல், மேலிருந்து வரும் ஆணைக்கு மட்டும் கட்டுப்படும் படை அது. மக்களை அடக்கி வைத்திருப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது.

1843இல் சிந்து மாநிலத்தைக் கைப்பற்றிய சார்லஸ் நேப்பியர் அங்கே ஒரு காவற்படையை அமைத்தபோது, இந்த அயர்லாந்து முறையையே முன்மாதிரியாகக் கொண்டார். அதன்பின் இந்தியாவின் பிற பகுதிகளிலும் அம்முறை பரவியது. 1859ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் காவல் சட்டமும், 1857 எழுச்சியின் சூடு ஆறுமுன் 1861இல் இயற்றப்பட்ட இந்தியக் காவல் சட்டமும் இந்தச் சூழலில் பிறந்தவையே. ஒரே அச்சில் வார்க்கப்பட்ட இரு பாத்திரங்களில் ஒன்றை அவர்கள் எப்படி உருக்கி மாற்றினார்கள் என்று அறிவது மற்றொன்றை வைத்திருக்கும் நமக்குப் பயன் தராமற் போகுமா?

பிளவுபட்ட மண்

1921இல் அயர்லாந்து இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தெற்கே இருந்த பெரும்பகுதி பின்னர் விடுதலை பெற்றது. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கின. அங்கே பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய புராட்டஸ்டண்டு மக்கள் பெரும்பான்மையினர். ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பிய கத்தோலிக்கர் சிறுபான்மையினர். ஒரே மறைநூலை ஓதுவோர்தாம். ஆயினும் பள்ளிக்கூடம் வேறு, குடியிருக்கும் தெரு வேறு, விளையாடும் ஆட்டங்கூட வேறு.

1922இல் அங்கே 'ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி' என்னும் காவற்படை தோன்றியது. சுருக்கமாக ஆர்.யு.சி. என்பர். அதன் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கருக்கென முதலில் ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு ஒருநாளும் நிரம்பவில்லை. சேர்ந்தவனைச் சொந்தச் சமுதாயம் துரோகி என்றது. படைக்குள்ளோ அவன் ஐயத்தோடு நோக்கப்பட்டான். ஆண்டுகள் செல்லச் செல்லக் கத்தோலிக்கரின் பங்கு தேய்ந்துகொண்டே வந்தது. அப்படையோடு இணைந்து இயங்கிய சிறப்புத் துணைப்படையோ முற்றிலும் புராட்டஸ்டண்டுகளுடையது என்றே சொல்லத்தக்கதாக இருந்தது.

வீட்டு ஒதுக்கீட்டிலும், உள்ளாட்சி வாக்குரிமையிலும், தொகுதி எல்லை வகுப்பதிலும் தமக்கு அநீதி இழைக்கப்படுவதாகக் கத்தோலிக்கர் குமுறினர். 1968 அக்டோபர் 5ஆம் நாள் டெர்ரி நகரில் அவர்கள் குடியுரிமைப் பேரணி நடத்தியபோது காவலர் தடியால் அடித்துக் கலைத்தனர். அந்தக் காட்சி தொலைக்காட்சிப் படக்கருவியில் பதிவாகி உலகெங்கும் பரவியது. மறு ஆண்டு ஆகஸ்டில் கலவரம் மூண்டு, தெருக்களில் பிரிட்டிஷ் இராணுவம் இறங்கியது. அன்று தொடங்கிய வன்முறை 30 ஆண்டுகள் நீடித்தது. ஏறத்தாழ 3,500 பேர் உயிரிழந்தனர்.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். அந்த 30 ஆண்டுகளில் ஐ.ஆர்.ஏ. முதலிய ஆயுதக் குழுக்களால் கொல்லப்பட்ட காவலர் தொகை 300க்கும் மேல். காலையில் வண்டியில் ஏறுமுன் அடியில் குண்டு உள்ளதா எனக் குனிந்து பார்ப்பது அவர்களின் அன்றாட வழக்கமாயிற்று. 'தந்தை என்ன வேலை பார்க்கிறார்' என்பதை வெளியே சொல்லாதிருக்க அவர்தம் பிள்ளைகள் பழக்கப்பட்டனர். காக்க வந்தவரைக் கண்டு மக்கள் அஞ்சினர். மக்களைக் கண்டு அவர் அஞ்சினார். இதைவிடப் பெரிய முறிவு வேறென்ன இருக்க முடியும்?

பேட்டன் ஆணையம்

1998 ஏப்ரல் 10ஆம் நாள், புனித வெள்ளியன்று, சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆட்சியைப் பங்கிட்டுக்கொள்வது பற்றி ஒத்துப்போன தலைவர்களால் காவல்துறை பற்றி மட்டும் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. 'ஆர்.யு.சி.யை அடியோடு கலைத்துவிடுங்கள்' என்றது ஒரு தரப்பு. 'எங்களுக்காக உயிர் கொடுத்தவர்களின் பெயரைத் தொடாதீர்கள்' என்றது மறுதரப்பு. எனவே இப்பொறுப்பை எண்மர் கொண்ட தனி ஆணையத்திடம் விட்டார்கள். ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த கிறிஸ் பேட்டன் அதன் தலைவர்.

ஆணையத்தார் அலுவலக அறையில் அமர்ந்துகொண்டே அறிக்கை எழுதிவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று பொதுக்கூட்டங்கள் கூட்டினர். 10,000க்கும் மேற்பட்ட மக்கள் அவற்றிற்கு வந்தனர். மகனைக் காவலரின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த தாயும், காவலராயிருந்த கணவனைக் குண்டுவெடிப்பில் இழந்த மனைவியும் தத்தம் துயரை எழுந்து நின்று சொன்னார்கள். சீர்திருத்தத்தின் முதற்படி இதுதான்: பாதிக்கப்பட்ட இருதரப்பாரின் சொல்லும் பொதுவில் ஒலிக்க வேண்டும், அதை அதிகாரம் உள்ளவர் அமர்ந்து கேட்க வேண்டும்.

1999 செப்டம்பரில் 175 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியாயிற்று. மனித உரிமைகளைக் காப்பதே காவல் பணியின் உயிர் என்பது அதன் சாரம். அதே ஆண்டில், உயிர்நீத்தோரின் தியாகத்தை மதிக்கும் வண்ணம் ஆர்.யு.சி.க்கு ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருதை பிரிட்டிஷ் அரசி அறிவித்தார். பழையவர்களை அவமதிக்காமலே பழைய முறையை மாற்றலாம் என்னும் நோக்கு இங்கே தென்படுகிறது.

பெயரும் சின்னமும்

2001 நவம்பர் 4ஆம் நாள் 'வட அயர்லாந்துக் காவல் பணி' என்னும் புதுப் பெயர் நடைமுறைக்கு வந்தது. 'ராயல்' என்ற அரச அடைமொழி போயிற்று. படை என்னும் கருத்து நீங்கிப் பணி என்னும் கருத்து வந்தது. புதிய சின்னத்தில் ஆறு அடையாளங்களை வைத்தனர்: நீதித் தராசு, மணிமுடி, யாழ், தீப்பந்தம், ஒலிவக் கிளை, அயர்லாந்தின் மூவிலைச் செடி. மணிமுடியில் ஒரு சாரார் தம்மைக் கண்டனர். யாழிலும் மூவிலையிலும் மறுசாரார் தம்மைக் கண்டனர்.

பெயரையும் சின்னத்தையும் மாற்றினால் உள்ளம் மாறிவிடுமா என்று சிலர் கேட்கக்கூடும். மாறாதுதான். ஆனால் தன் அடையாளத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டிய இடத்துக்கு மானமுள்ள எவனும் விரும்பி வரமாட்டான். வருகிறவனுக்கு 'இது உனக்கும் உரிய வீடு' என்று வாசலே சொல்ல வேண்டும். சின்னத்தின் பயன் அவ்வளவே. அதற்குமேல் உள்ளே என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

பாதிக்குப் பாதி

1990களின் இறுதியில் மக்கள்தொகையில் கத்தோலிக்கர் 40 விழுக்காட்டுக்கு மேல். ஆர்.யு.சி.யில் அவர்களின் பங்கோ ஏறத்தாழ 8 விழுக்காடு. இந்த இடைவெளியை அடைக்காமல் வேறு எந்தச் சீர்திருத்தமும் பயன்தராது என்று ஆணையம் கண்டது. எனவே துணிச்சலான ஒரு வழியைக் கூறியது: தகுதித் தேர்வில் வெற்றி பெற்றவர்களிலிருந்து ஒரு கத்தோலிக்கர், கத்தோலிக்கர் அல்லாதார் ஒருவர் என்று சரிபாதியாகச் சேர்க்க வேண்டும், இது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே.

இங்கே ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. தகுதியைத் தாழ்த்தவில்லை. அனைவர்க்கும் ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண் வரம்பு. அவ்வரம்பைக் கடந்தோரிலிருந்தே சரிபாதித் தேர்வு. இருப்பினும், தகுதியிருந்தும் இடம் கிட்டாத புராட்டஸ்டண்டு இளைஞர்கள் பலர் மனம் வருந்தினர். அவர்களின் வருத்தத்தில் நியாயம் இல்லை என்று கூறிவிட இயலாது. நெடுங்காலம் நீடித்த ஒரு கோணலை நிமிர்த்தும்போது அதன் சுமை அக்கோணலை உண்டாக்காத இளந்தலைமுறையின் தோளில் விழுகிறது. இதனை உணர்ந்தே சட்டம் அதற்குக் கால வரம்பு வைத்தது.

2011 மார்ச்சில் இம்முறை முடிவுக்கு வந்தபோது கத்தோலிக்கரின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்டியிருந்தது. பத்தாண்டில் நிகழ்ந்த இந்த மாற்றம் சாதாரணமானதன்று. தன் தெருவில் வளர்ந்தவன், தன் பேச்சு வழக்கில் பேசுகிறவன் சீருடையில் நிற்பதைக் காணும் தாய், அடுத்தமுறை கதவை முழுவதும் அடைத்துவிட மாட்டாள்.

யாரைச் சலிப்பது, எப்படிச் சலிப்பது?

அப்படியானால் பழைய அலுவலர்களை என்ன செய்வது? அவர்களுள் கொடுமை இழைத்தோரைச் சலித்து வெளியேற்ற வேண்டாமா? காவல்துறைச் சீர்திருத்தத்தில் இதுவே மிகக் கடினமான கேள்வி. வட அயர்லாந்து இதற்கு ஒரு வழியை மேற்கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் பாஸ்னியா முற்றிலும் வேறான வழியில் சென்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நலம்.

1992 முதல் 1995 வரை பாஸ்னிய முஸ்லிம்கள் அடைந்த துயரம் நம் இல்லங்களில் பலருக்கும் நினைவிருக்கும். அங்கே காவலர்களே கொடுமையின் கருவிகளாயினர். பிரியேடோர் பகுதியில் ஒமார்ஸ்கா என்னும் கொடிய தடுப்பு முகாமை நடத்தியதில் உள்ளூர்க் காவல்துறைக்கு நேரடிப் பங்கு இருந்ததை ஹேக் நகரின் பன்னாட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. போர் முடிந்தபின், விரட்டப்பட்ட மக்கள் ஊர் திரும்பினால், அவர்களின் புகாரை எழுதிக்கொள்ள நாற்காலியில் அமர்ந்திருப்பவன் அதே காவலனாகவும் இருக்கலாம்! திரும்ப யாருக்குத் துணிவு வரும்?

போர் ஓய்ந்தபோது அந்நாட்டில் ஏறத்தாழ 44,000 காவலர்கள் இருந்தனர். ஐக்கிய நாடுகள் சபையின் காவல் குழுவினர் ஒவ்வொருவரையும் பதிவு செய்து, போர்க்கால நடத்தை, கல்விச் சான்று, குற்ற வழக்கு ஆகியவற்றை ஆராய்ந்தனர். இன்னொன்றையும் ஆராய்ந்தனர்: 'அகதியாகிப் போனவரின் வீட்டை ஆக்கிரமித்து இவர் குடியிருக்கிறாரா?' பிறர் வீட்டைப் பறித்து வாழ்பவன் பிறர் வீட்டைக் காக்கும் தகுதியுடையவன் அல்லன் என்னும் நியாயம் அதில் இருந்தது. 2002 இறுதியில் அப்பணி முடிந்தபோது ஏறத்தாழ 16,000 பேரே சான்று பெற்றிருந்தனர். சான்று மறுக்கப்பட்டவர் நாட்டில் எங்குமே காவலராக இயலாது.

ஆயினும் அதிலொரு குறை நேர்ந்தது. மறுக்கப்பட்டவர்கள் தம் தரப்பை எடுத்துரைத்து முறையிடத் தகுந்த தனி நீதிமன்றம் எதுவும் இல்லை. இதனைப் பலரும் கண்டித்தனர். முடிவில் 2007இல் அவர்கள் மீண்டும் விண்ணப்பிக்க வழி திறந்துவிடப்பட்டது. சலிப்பது நீதிக்காக, சலிக்கும் முறையிலும் நீதி இருந்தாலன்றி அது நிலைக்காது என்பது இதனால் பெறப்படும்.

வட அயர்லாந்தில் இத்தகைய சலிப்பு நடைபெறவில்லை. பழைய வழக்குகளை ஆராய்வது தம் பணியன்று எனப் பேட்டன் ஆணையம் ஒதுங்கிக்கொண்டது. மூத்த அலுவலர்கள் தாராளமான பணிக்கொடை பெற்றுத் தாமாகவே விலக வழி செய்யப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் விலகினர். எஞ்சியவர்களும் புதியவர்களும் இரகசியச் சங்கங்கள், மதம் சார்ந்த குறிப்பிட்ட அமைப்புகள் ஆகியவற்றில் தமக்குள்ள உறுப்பினர் தொடர்பை மேலிடத்தில் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டம் வந்தது. புதிதாகச் சேர்வோர் அனைவர்க்கும் சமமதிப்பு அளிப்பதாகவும் மனித உரிமைகளைப் பேணுவதாகவும் உறுதிமொழி எடுத்தனர்.

இவ்வழி பூசலைத் தவிர்த்தது. ஆனால் பழைய கணக்கைத் தீர்க்கவில்லை. ஓய்வுபெற்றுச் சென்றவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தற்காலிகப் பணியாளராக மீண்டும் உள்ளே வந்திருந்தது 2012இல் அரசுத் தணிக்கை அறிக்கையால் வெளிப்பட்டபோது, 'முன்வாசல் வழியே போனவர் பின்வாசல் வழியே வந்துவிட்டார்' என மக்கள் முணுமுணுத்தனர். 30 ஆண்டுக் கொலைகளுக்கு விடை கேட்கும் குடும்பங்கள் இன்றும் நீதிமன்றப் படிகளில் நிற்கின்றன.

சலிப்பைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. பணியில் சேரும்போது ஒருமுறை பின்னணியை ஆராய்ந்துவிட்டால் ஆயுட்காலத்துக்கும் போதும் என்பது தவறான எண்ணம். 2021இல் லண்டன் மாநகரக் காவலர் ஒருவரே ஓர் இளம்பெண்ணைக் கடத்திக் கொன்றார். இரண்டாண்டு கழித்து, பல பெண்களுக்கு நீண்டகாலம் கொடுமை இழைத்த இன்னொரு காவலர் சிறை சென்றார். இருவருமே பின்னணிச் சோதனையைத் தாண்டி வந்தவர்கள். அதன்பின் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் காவலர் அனைவரின் பெயரையும் தேசியக் குற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆணை பிறந்தது. பின்னணிச் சான்றை விலக்கிக்கொண்டதாலேயே ஒருவரைப் பணிநீக்கம் செய்வது முறையாகாது, அவர் தற்காத்துப் பேச வாய்ப்பு வேண்டும் என 2025 பிப்ரவரியில் அங்கே உயர்நீதிமன்றம் கூறியது. உடனே விதிகள் திருத்தப்பட்டன. பாஸ்னியா கற்ற பாடத்தை லண்டனும் கற்க வேண்டியதாயிற்று.

தனித்து நிற்கும் செவி

வட அயர்லாந்துச் சீர்திருத்தத்தின் மணிமுடி எதுவென்று கேட்டால், 2000 நவம்பரில் திறக்கப்பட்ட காவல் முறையீட்டு ஆய்வாளர் அலுவலகத்தையே பலரும் காட்டுவர். காவலர்மீது வரும் புகாரைக் காவலரே விசாரிக்கும் பழைய வழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. தனிக் கட்டடம், தனி விசாரணையாளர்கள், தனி அதிகாரம். அதன் முதல் தலைவராக வந்தவர் நுவாலா ஓலோன் என்னும் சட்ட அறிஞர்; பெண்மணி.

1998 ஆகஸ்டில் ஓமா நகரில் 29 உயிர்களைப் பறித்த குண்டுவெடிப்பைப் பற்றி அவர் ஆராய்ந்தார். முன்கூட்டிக் கிடைத்த உளவுச் செய்திகள் உரிய முறையில் கையாளப்படவில்லை என்று 2001 இறுதியில் வெளிப்படையாகக் கூறினார். காவல்துறைத் தலைமை கொதித்தெழுந்தது, அவர் அசையவில்லை.

அதனினும் பெரிய சோதனை பின்னர் வந்தது. 1997இல் கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் தந்தை அவரிடம் முறையிட்டார். அத்தந்தை கத்தோலிக்கர் அல்லர், புராட்டஸ்டண்டு. கொன்றவர்களும் புராட்டஸ்டண்டு ஆயுதக் குழுவினரே. விசாரித்தபோது, அக்குழுவில் இருந்த தம் உளவாளிகளைக் காவல்துறையின் சிறப்புப் பிரிவே பல கொலை வழக்குகளிலிருந்து காத்து வந்தது அம்பலமாயிற்று. 2007 ஜனவரி 22ஆம் நாள் அவ்வறிக்கை வெளியிடப்பட்டது. தனித்து நிற்கும் விசாரணை சிறுபான்மைக்குக் காட்டும் சலுகை அன்று. பெரும்பான்மையில் பிறந்த ஓர் ஏழைத் தந்தைக்கும் அதுவே கதி என்பதை நாடு கண்டுகொண்டது.

ஆறே நாளில், ஜனவரி 28ஆம் நாள், காவல்துறையை ஒருபோதும் ஏற்காதிருந்த சின் ஃபெயின் கட்சி சிறப்பு மாநாடு கூடி, அதற்கு ஆதரவளிக்க முடிவெடுத்தது. அவ்வாண்டே, அரசியல்வாதிகளும் பொதுமக்கள் சார்பாளரும் சேர்ந்து காவல்துறையைக் கேள்வி கேட்கும் 19 பேர் கொண்ட காவல் வாரியத்தில் அக்கட்சி இடம்பெற்றது. பேச்சுவார்த்தைகள் பல அதற்கு முன்னரே நடந்திருந்தன. ஆயினும் தன் குற்றத்தைத் தானே மறைக்க முடியாத நிலைக்குக் காவல்துறை வந்துவிட்டது என்பது தெளிவானபோதுதான் அந்தக் கதவு திறந்தது.

சமுதாயத்தின் கடமை

நம்பிக்கை ஒரு கையால் கட்டப்படுவதில்லை. அரசு தன் கையை நீட்டியபோது கத்தோலிக்கச் சமுதாயம் தன் கையை முடக்கிக்கொண்டிருந்தால் அனைத்தும் வீணாகியிருக்கும். அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளை நடத்தும் பெரிய சங்கம் ஒன்று காவலரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என நெடுங்காலம் தடை வைத்திருந்தது. புதிய காவல்துறை பிறந்த 2001 நவம்பரிலேயே அத்தடையை அது நீக்கியது. ஆயர்களும் அரசியல் தலைவர்களும் இளைஞர்களைச் சேருமாறு வெளிப்படையாக அழைத்தனர்.

அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 2011 ஏப்ரலில் ஓமா நகரில், பயிற்சி முடித்துச் சில மாதங்களே ஆன 25 வயதுக் கத்தோலிக்கக் காவலர் ஒருவரை, சமாதானத்தை ஏற்காத கும்பல் காரில் வைத்த குண்டால் கொன்றது. 'உங்களவர் யாரும் சேராதீர்கள்' என்று அச்சுறுத்துவதே அவர்களின் நோக்கம். நடந்ததோ வேறு. அவருடைய சவப்பெட்டியை ஒருபுறம் காவலர்களும் மறுபுறம் அவ்விளையாட்டுச் சங்கத்தாரும் முறைமாற்றிச் சுமந்தனர். பெற்ற மகனை இழந்த தாய், கத்தோலிக்க இளைஞர்கள் இதற்காக அஞ்சிப் பின்வாங்கலாகாது என்று வேண்டுகோள் விடுத்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எண்ணிப் பார்க்கவும் முடியாத காட்சி அது.

இன்னும் முடியாத பணி

எல்லாம் இனிதே முடிந்தது என எழுத ஆசைதான்; உண்மை அதற்கு இடம் தரவில்லை. சரிபாதி முறை நிறுத்தப்பட்டபின் கத்தோலிக்கரின் பங்கு மூன்றில் ஒன்று என்ற அளவிலேயே தேங்கிவிட்டது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் அவர்கள் 45.7 விழுக்காடு. 2023 ஆகஸ்டில் ஒரு தகவல் கேள்விக்கு விடையளிக்கையில், ஏறத்தாழ 9,500 அலுவலர், பணியாளர் ஆகியோரின் பெயர் விவரங்களைக் காவல்துறையே தவறுதலாக வெளியிட்டுவிட்டது. தான் காவலர் என்பதை உறவினரிடங்கூடச் சொல்லாதிருந்த கத்தோலிக்க அலுவலர்களின் அச்சத்தை என்னென்பது! இதற்காக 2024இல் அத்துறைக்கு 7,50,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

கட்டுவதற்குக் கால் நூற்றாண்டு. இடிப்பதற்கு ஒரு பிற்பகல். நம்பிக்கையின் இயல்பு இது.

நம் மண்ணில்

அதே அயர்லாந்து அச்சில் வார்க்கப்பட்ட நம் காவல்துறைக்கு வருவோம். 2006 செப்டம்பர் 22ஆம் நாள், பிரகாஷ் சிங் என்னும் ஓய்வுபெற்ற காவல்துறைத் தலைவர் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. காவலர்மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டங்களிலும் தனி ஆணையங்கள் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவ்வாணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை ஏற்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் காவல்துறைத் தலைவரை உறுப்பினராகவும் வைத்தது. புகார் யார்மீதோ, அவருடைய மேலதிகாரியே நீதிபதி! 2020இல் சாத்தான்குளத்தில் காவல்நிலையத்துக்குச் சென்ற தந்தையும் மகனும் பிணமாகத் திரும்பியபோது நாடே பதறியது. பதறிய நெஞ்சம் அடுத்து எழுப்ப வேண்டிய கேள்வி, தனித்து நிற்கும் செவி எங்கே என்பதுதான்.

2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, நாட்டின் காவல்துறையில் முஸ்லிம்களின் பங்கு மக்கள்தொகைப் பங்கினும் குறைவாக இருப்பதைச் சுட்டியது. சேர்ப்பதில் தடை இருந்தால் அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. அதேவேளையில் நம் வீடுகளில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு. பட்டம் பெற்ற பிள்ளையைக் கடல் கடந்து அனுப்ப நகையை அடகு வைக்கிறோம். சீருடைப் பணிக்கான தேர்வு அறிவிப்பு நாளிதழில் வந்தால் எத்தனை வீடுகளில் அதை வெட்டி வைக்கிறோம்? 'நமக்கு எதற்கு அந்த வேலை' என்று சொல்லிவிட்டு, 'அங்கே நம்மவர் எவரும் இல்லையே' என்று வருந்துவதில் என்ன பயன்?

தீயவரைக் களைவது வேண்டும். களைவதிலும் நீதி வேண்டும். புகாரைக் கேட்கத் தனித்த செவி வேண்டும். இவற்றைச் செய்ய வேண்டியது அரசு. இடைவிடாது கேட்க வேண்டியது குடிமக்கள். இவற்றோடு, ஒவ்வொரு சமுதாயத்தின் பிள்ளைகளும் அந்தச் சீருடையை அணிந்து, எந்தச் சமுதாயத்தான் வாசலில் வந்து நின்றாலும் அவனை எழுந்து வரவேற்கும் நாள் வர வேண்டும். அந்தப் பிள்ளைகளை வளர்ப்பது நம் இல்லங்களின் வேலை.